ஈரலுக்குப் போன வழி

அவள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த விசயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றபடி எங்கள் வீட்டில் மறைக்க என்ன இருந்தது? பிள்ளைகள் இல்லை. இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

நான் கல்முனைக் கடைத்தெருவில் தையல்காரன். பிறந்தது நிந்தவூர். கலியாணம் முடித்து வந்தது கல்முனைக்குடிக்கு. எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். அவளுடைய வாப்பா மூத்த மகளுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு பெட்டியும் தையல் மெசினுமாக வந்து சேர்ந்தேன். அடுத்த வளவில் அவளுடைய தங்கச்சியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி.

கடையில் தைத்த சட்டைகளைப் பின்னேரம் ஒரு துணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். பொத்தான் துளைக்கு நூல் கட்டுவதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, ஊசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்கு யார் வந்த கடைக்கு?" என்று தொடங்குவாள். நான் சொல்வேன். எங்கள் தாம்பத்தியத்தில் முக்கால்வாசி அந்தக் கதைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருசம் அவள் பாயில் உட்காருவதை விட்டுவிட்டாள். சுவரில் சாய்ந்து நின்றபடியே தைப்பாள். கேட்டால், "இடுப்பு நோகுது" என்பாள். மெலிந்துகொண்டு போனாள். நோன்பு மாதம், அதனால் என்று நினைத்தேன். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது கிணற்றடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். கல்லில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. என்னைக் கண்டதும் வாளியைக் கவிழ்த்து ஊற்றினாள்.

"என்ன புள்ள இது?"

"மூலம். எல்லாருக்கும் வாறதுதானே."

"எப்ப இருந்து?"

"போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி இருந்து."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"இத எப்பிடி ஒரு ஆம்புளக்கிட்டச் சொல்ற?"

"நான் ஆம்புளயா? ஒன்ட புருசன்."

"அதுவும் ஆம்புளதானே" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

சம்மாந்துறையில் பேர்போன ஒரு பரிசாரியார் இருந்தார். நாட்டு வைத்தியத்தில் மூலத்துக்கு அவரைத்தான் தேடிப் போவார்கள். அவளைக் கூட்டிப் போனேன். கேட்டதற்கெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓம், இல்லை என்று மட்டும் சொன்னாள். அவர் அதை வைத்து எண்ணெயும் லேகியமும் தந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்ன நோய்க்குத்தான் மருந்து தந்தார். சொல்லாத நோய் வேறாக இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவளுக்கு வயிறு ஊதிக்கொண்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வெளிக்குப் போவது அடியோடு நின்றுவிட்டது. கல்முனை ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டொக்டர், குடல் அடைபட்டிருக்கிறது, உடனே கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வேன் ஒன்று பிடித்தோம். அம்பாறை தாண்டி மலை ஏறுகிற பாதை முழுக்க அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் முனகினாள். பின்சீட்டில் இருந்த அவளுடைய தங்கச்சி யாசீன் ஓதிக்கொண்டே வந்தாள்.

கண்டியில் அன்றைக்கே வெட்டினார்கள். வெட்டிய சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர். முன்பு மட்டக்களப்பில் வேலை பார்த்தவராம், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய்க் கட்டி. அதை வெட்டி எடுத்தாகிவிட்டது. பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. இனி அந்த வழியால் மலம் போகாது. இடப்பக்க வயிற்றில் ஒரு வாய் திறந்து விட்டிருக்கிறது. அதில் பை கட்டவேண்டும். "எவ்வளவு காலத்துக்கு, டொக்டர்?" என்றேன். "இருக்கிற காலத்துக்கு" என்றார்.

பெண்கள் வாட்டுக்குள் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் என்னை விடுவார்கள். மீதி நேரம் எனக்குப் போக்கிடம் இல்லை. மச்சினி வாட்டில் அவளோடு நின்றாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு பள்ளிவாசலில் தங்கினேன். கண்டிக் குளிர் எனக்குப் புதிது. கடைக்காரரிடம் தேத்தண்ணி கேட்கும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் தெரியும். பகலில் வாவியைச் சுற்றி நடப்பேன். சுற்றி வந்த பிறகும் நேரம் மிஞ்சும். திரும்பவும் நடப்பேன். கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நாலு பக்கமும் கரை தெரிகிற தண்ணீர் என்னவோபோல் இருந்தது.

பையைப் பற்றித் தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் மயக்கம் தெளிந்ததுமே என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். அடைப்பை எடுத்தார்கள் என்று மட்டும் தங்கச்சிக்குத் தெரியும். நர்ஸ் மிஸ்ஸி வந்து பை மாற்றும்போது அவள் தங்கச்சியை வெளியே அனுப்பிவிடுவாள். மாற்றுவது எப்படியென்று மிஸ்ஸி எனக்குத்தான் காட்டிக் கொடுத்தாள். நான் கண்ணைத் திருப்பாமல் பார்த்தேன். சிவந்த ஈரமான சிறு வாய், ரோசாப்பூ மொட்டுப் போல. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

ஊருக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் தந்த பைகள் கொஞ்ச நாளில் முடிந்துபோயின. எங்கள் பக்கத்தில் அப்படியொரு சாமானை விற்கிற கடை கிடையாது. பொலித்தீன் பையை வாய் மடித்து, துணிப் பட்டியால் இடுப்போடு கட்டலாம் என்று மிஸ்ஸி சொல்லித் தந்திருந்தாள். அந்தப் பட்டியை நான் தைத்தேன். முதலாவது இறுகியது. இரண்டாவது அவள் குனியும்போது நழுவியது. ஓரத்துத் தையல் தோலில் உரசிப் புண்ணாக்கியது.

"இது சட்டையில்ல, என்ட ஒடம்பு" என்றாள். "ஒங்கட தையல் தடிப்பு. இஞ்ச தாங்க."

வாங்கிப் பிரித்து, தையலை வெளிப்பக்கம் திருப்பி, தன் கையாலேயே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு நான் வெட்டித் தர அவள் தைப்பாள். கடைச் சட்டை கொண்டுவருவதை நான் குறைத்துக்கொண்டேன்.

அவள் வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். கலியாணம், கத்னாச் சடங்கு, சாவு நடந்த மௌத்து வீடு, எதற்கும் இல்லை. மணம் தெரிந்துவிடும், சத்தம் கேட்டுவிடும் என்ற பயம். வேலியின் இடைவெளியால் தங்கச்சி வந்தால் முற்றத்திலேயே நிற்கவைத்துக் கதைத்து அனுப்பிவிடுவாள். அவளும் முகம் சுண்டிப் போவாள். மெல்ல மெல்ல வருவதைக் குறைத்தாள். பை கழுவுவது, தண்ணீர் சுடவைப்பது, சாம்பிராணி போடுவது எல்லாம் எங்களுக்குள்ளேயே. ஊர் எங்களைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை.

இதைவிட அவளுக்குப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. தொழுகை. உடம்பிலேயே அசுத்தத்தைக் கட்டிக்கொண்டு எப்படி அல்லாஹ்வின் முன்னால் நிற்பது என்று விட்டுவிட்டாள். பாங்கு சொல்லும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அடுத்த ஊரில் ஒரு மௌலவியிடம் போய், தெரிந்த ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"நோயாளிக்கு மார்க்கம் கஷ்டத்தக் குடுக்கல்ல. தொழுகை வக்து வந்த பொறகு சுத்தஞ் செஞ்சி, ஒளு எடுத்து, தொழச் சொல்லுங்க. ஒவ்வொரு வக்துக்கும் அப்பிடி. அவ்வளவுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்கட வீட்டாக்களுக்குத்தானே? துஆச் செய்யுறன்" என்றார்.

அன்றைக்கு அஸருக்கு அவள் தொழுதாள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் நெடுநேரம் பாயை விட்டு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலம் நல்ல காலம். அவளுக்குச் சதை போட்டது. முகம் பழையபடி வந்தது. கண்டி கிளினிக்கில் டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, நல்லது, நல்லது என்பார். நாட்டு நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. பாதையில் தடை போடுவார்கள், பஸ் ஓடாது, ஊரடங்கு என்பார்கள். ஒரு கிளினிக்குக்குப் போகமுடியவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. உடம்பு நல்லாத்தானே இருக்கு என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாரி மழை தொடங்கியபோது வலது விலாவுக்குக் கீழே ஏதோ பாரமாக இருக்கிறது என்றாள். சோறு இரண்டு பிடியோடு போதும் என்பாள். உடம்பு முழுக்கச் சொறிவாள். பிறகு ஒரு காலையில் வெளிச்சத்தில் அவளுடைய கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருந்த இடத்தில் மஞ்சள். செங்கண்மாரி என்று எல்லோரும் சொன்னார்கள். அது ஊரில் வருகிற நோய்தான், மாறுகிற நோய்தான். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். குடித்தாள். மஞ்சள் கூடியது.

பாதை திறந்ததும் கண்டிக்குப் போனோம். இந்த முறை நாங்கள் இரண்டு பேர் மட்டும், பஸ்ஸில்.

டொக்டர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அமர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை வெளியே வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் அதைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்க, எனக்கும் சொல்லச் சொல்லுங்க. என்ட வயிறுதானே."

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குக் கிட்ட உட்கார்ந்தார். "அம்மா, முந்தி இருந்த நோய் இப்ப ஈரலுக்கு வந்திட்டுது. ஈரல் பெருத்திருக்கு. கையில கட்டி கட்டியா தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "குடல்ல இருந்தத வெட்டி எடுத்திட்டன் எண்டு நீங்கதானே சொன்ன டொக்டர்? அங்க இருந்து இஞ்ச எப்பிடி வந்த?"

அவர் கோபிக்கவில்லை. தன் வயிற்றிலேயே கையை வைத்துக் காட்டினார். உடம்பில் மற்ற இடங்களுக்குப் போகிற இரத்தம் நேரே இதயத்துக்குத் திரும்பிவிடும். குடலுக்குப் போகிற இரத்தம் அப்படி இல்லை. அது எல்லாம் ஒரு பெரிய நாளத்தில் சேர்ந்து முதலில் ஈரலுக்குப் போகும். நாம் சாப்பிட்டதில் உள்ள சத்தையும் நஞ்சையும் முதலில் ஈரல்தான் வாங்கும். பார்த்து, பிரித்து, அதற்குப் பிறகுதான் உடம்புக்கு விடும். கட்டி குடலில் இருந்த காலத்தில் அதிலிருந்து துணுக்குகள் உதிர்ந்து அந்த இரத்தத்தோடு போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள். ஈரலுக்குள் இரத்தக் குழாய்கள் மயிரைவிட மெல்லியவை. துணுக்குகள் அங்கே போய்த் தங்கிவிடும். அநேகமானவை செத்துப்போகும். ஒன்றிரண்டு சாகாது. அவை அங்கேயே மெல்ல வளரும்.

"அப்ப நீங்க வெட்டின நேரம்?"

"அதுக்கு முந்தியே போயிருக்கும். நான் வெட்டின நேரம் ஈரலையும் தொட்டுப் பார்த்தன். ஒண்டும் இல்ல. கைக்குத் தெரியாத அளவு சின்னன்."

"நாங்க ரெண்டு கிளினிக்குக்கு வரல்ல. அதனாலயா?"

"இல்ல" என்றார். உடனே சொன்னார். "வந்திருந்தா எனக்குக் கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருக்கும். செய்ய ஒண்டும் இருந்திருக்காது."

அவர் பொய் சொன்னாரா, உண்மை சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று பிற்காலத்தில் வேறொரு டொக்டரும் சொன்னார். ஆனால் அந்த அறையில் நான் நினைத்தது வேறு ஒன்று. அவளுக்குச் சதை போட்ட அந்த நல்ல காலம் முழுக்க அது அங்கே இருந்திருக்கிறது. அவள் தொழுத நேரமும், பட்டி தைத்த நேரமும், நாங்கள் சிரித்த நேரமும்.

அவள் மஞ்சள் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கேட்டாள்: "நல்லதும் கெட்டதும் எல்லாத்தையும் ஈரல்தான் முதல்ல வாங்குதா?"

"ஓம், அம்மா."

"மூத்த புள்ள மாதிரி" என்றாள்.

டொக்டருக்கு விளங்கியதோ என்னவோ. உம்மா இறந்தபோது வீட்டைத் தலையில் போட்டுக்கொண்டவள், வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் வாயில் தண்ணீர் வைத்தவள், தங்கச்சியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். எனக்கு விளங்கியது. நான் யன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

நோவுக்கு மருந்து எழுதித் தந்தார். ஊரில் வைத்துப் பார்ப்பது நல்லது என்றார்.

பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்தாள். மகியங்கனை தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "தங்கச்சிக்குச் சொல்லணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளே வேலிப்பக்கம் நின்று கூப்பிட்டாள். தங்கச்சி வந்தாள். இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் முன்மண்டபத்தில் இருந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மச்சினி ஓவென்று அழுதாள். "இத ஏன் ராத்தா எனக்கு மறச்ச? என்ட ராத்தாட ஒடம்பு எனக்கு அருவருப்பா?" அதற்கு இவள் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ காலம்.

அன்று முதல் வீடு பெண்களால் நிறைந்தது. மச்சினி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மாமி முறையானவர்கள், அயலவர்கள், குர்ஆன் ஓத வருகிறவர்கள். அவளைக் குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள். பையைக் கழுவினார்கள், யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இவ்வளவு காலம் எதற்குப் பயந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. கதவடியில் போய் நின்றால், "மச்சான், நீங்க போய்ச் சாப்பிடுங்க. நாங்க பார்க்கிறம்" என்பாள் மச்சினி. பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நான் போகும்வரை காத்திருப்பார்கள். நான் திரும்பி முன்மண்டபத்துக்கு வருவேன். அவளுக்கு நல்லது நடக்கிறது, சந்தோசப்படவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சந்தோசப்படவும் செய்தேன். ஆனாலும் அந்த நோயை நாங்கள் இரண்டு பேரும் மட்டும் வைத்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்து ஏங்கினேன். இதை யாரிடம் சொல்வது?

ஒரு நாள் லுஹர் நேரம், பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் என்னைக் கூப்பிட்டாள். வயிறு தண்ணீர் கோர்த்துப் பெருத்திருந்தது. கைகால் குச்சி போல.

"கடைக்குப் போகல்லயா?"

"போகல்ல."

"போங்க. வீட்ட சும்மா இரிந்தா ஒங்களுக்குப் பைத்தியம் புடிக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "போயிட்டு வந்து யார் வந்த எண்டு சொல்லுங்க."

போனேன். ஒரு ஆசிரியர் காற்சட்டை அளவு கொடுக்க வந்தார். மீன்காரர் ஒருவர் கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வந்து சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. தன் தங்கச்சியை உம்மா என்று கூப்பிட்டாள். ஈரல் வேலை செய்யாவிட்டால் மூளையும் மங்கிவிடும் என்று ஊர் டொக்டர் வந்து பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் செருப்புகள் கூடியிருந்தன.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். முகத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் அப்படியே இருந்தது. மற்றபடி அமைதியாக இருந்தாள்.

அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் அந்த வீட்டில் இருந்தேன். மச்சினி வேலிக்கு அப்பால் இருந்து சோறு அனுப்புவாள். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையில்லாத அக்காவின் வீடு தங்கச்சியின் மகளுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அவளே உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தாள். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பார்க்க வருகிற நாளில் நான் எங்கே நிற்பது? கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதைத் துப்புரவாக்கி என் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். மச்சினி கடைவரை வந்து அழுதாள். "ராத்தா இரிந்தா இப்பிடிப் போக உட்டிருப்பாவா மச்சான்?" என்றாள். ராத்தா இருந்தால் நான் ஏன் போகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குப் பதிலாக, வாறன் தங்கச்சி, அடிக்கடி வாறன் என்றேன்.

அடுத்த மாரியில் கலியாணம் நடந்தது. வீட்டுக்கு இளநீலச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முற்றத்தில் பந்தல். ஆண்களுக்குச் சாப்பாடு பெரிய ஸஹன் தட்டுகளில், ஆறு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்து. என் ஸஹனில் எல்லோரும் மாப்பிள்ளை பக்கம், வரிப்பத்தான்சேனையில் இருந்து வந்த விவசாயிகள். கிட்ட இருந்த பெரியவர் இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:

"நீங்க பொண்ணுக்கு என்ன முறை?"

"பெரியவாப்பா. அவட உம்மாட ராத்தாவத்தான் நான் முடிச்ச."

"அப்ப வீட்டாள்தான்" என்று சிரித்தார்.

"ஓம்" என்றேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். மச்சினி பெண்கள் பக்கத்தில் இருந்தாள், போகிறேன் என்று கூப்பிட்டுச் சொல்ல இயலவில்லை. பந்தற்காலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் மிதித்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.